நான்காவது சுற்று

நெய்னா முகம்மதுவின் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, கைப்பையிலிருந்த பேனா டார்ச்சை அதன் தடித்த முனையில் வைத்து, இடது உள்ளங்கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு குனிந்து பார்க்கிறார் பிரிஜட். திருப்புகிறார். மறுபடி பார்க்கிறார். பிறகு அதைப் பையில் போடாமல் தட்டின் வேறொரு குழியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஞாயிறு காலை. அவருக்குப் பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள்.

"அக்கா, எக்ஸ்ரே எடுக்க இது ஆஸ்பத்திரி இல்ல லா," என்கிறார் நெய்னா முகம்மது.

"இது பழசு பாய். உள்ள காத்து அறை எவ்வளவு பெரிசாயிருச்சு பாருங்க."

"நீங்கதான் முட்டையே திங்க மாட்டீங்களே. பழசா இருந்தா என்ன, புதுசா இருந்தா என்ன?"

"திங்கறது எங்க வீட்டுக்காரரு. அவரு உயிரோட இருக்கணும்ல?"

பின்னால் நிற்பவர்களும் சிரிக்கிறார்கள். பிரிஜட் சிரிப்பதில்லை. பத்து முட்டைக்குப் பதினெட்டைப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார்.

நாற்பத்து நாலு வயதாகும் பிரிஜட்டுக்கு உட்கார வராது. தோ பாயோவிலிருந்து புக்கிட் பாஞ்சாங் வரை பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போவார். பூசையில் எல்லாரும் முழந்தாளிடும்போது முழந்தாளிடுவார். பிரசங்கத்துக்கு உட்காரும்போது மட்டும் எதையோ மறந்து வைத்துவிட்டவர்போல் எழுந்து கோயிலின் பின்பக்கம் போய் நின்றுகொள்வார். வீட்டில் அவருக்கென்று இருக்கும் நாற்காலியில் பழைய செய்தித்தாள்கள் உட்கார்ந்திருக்கின்றன. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவர் கணவர் சவரிராஜ், வருகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்டாட்டி உக்காந்து நான் பாத்தது ஒரே தடவை. கல்யாண போட்டோல," என்பார். "அதுலயும் நின்னுட்டுத்தான் இருக்கேன்," என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

பன்னிரண்டு வருடங்களாக அவர் வேலை பார்ப்பது கோழி நோய்களைப் பரிசோதிக்கும் ஒரு கூடத்தில். கண்ணாடிக் குழாய் கழுவுகிறவராகச் சேர்ந்தார். இப்போது முட்டை அறை முழுவதும் அவர் பொறுப்பு. ஒன்பது நாள் அடைகாத்த முட்டைகள் தட்டுத் தட்டாக வரும். விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொன்றையும் டார்ச்சின் மேல் வைத்தால் ஓட்டுக்குள் செந்நிறம் பரவும். சிலந்தி வலைபோல் ரத்தக் குழாய்கள் தெரியும். நடுவே ஒரு கறுப்புப் புள்ளி, திடீரென்று உதறிக்கொள்ளும். ரத்தக் குழாய் ஓடாத இடமாகப் பார்த்துப் பென்சிலால் ஒரு சிலுவைக் குறி போடுவார். அயோடின் தடவி, சின்னத் துளை போட்டு, நோயுற்ற கோழியின் தொண்டையிலிருந்து எடுத்த நீரில் ஒரு துளியை ஊசியால் உள்ளே விட்டு, உருக்கிய மெழுகால் துளையை அடைப்பார். அந்தப் பென்சில் வேலை முடிந்த பிறகும் காதிலேயே இருக்கும். பஸ்ஸில் இருக்கும், கடையில் இருக்கும். ஒரு முறை நற்கருணை வாங்க வரிசையில் போகும்போதும் இருந்திருக்கிறது.

முட்டை எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவர் சொல்லும் பதில் சுருக்கமானது. "வைரஸுக்கு உசுரு உள்ள வீடு வேணும். சூப்புல வளராது, சோத்துல வளராது. முட்டைக்குள்ள இருக்கற குஞ்சுலதான் வளரும்." முட்டை ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்பவர்களுக்கு அதைவிடச் சுருக்கம். "பன்னெண்டு வருசமா உள்ள பாக்கறேன். போதும்."

கோழிகளுக்கு வரும் ஒரு சளி நோய் அவருடைய தனிப் பகை. மனிதரை அது ஒன்றும் செய்யாது. கோழிக்கு முதலில் தும்மல் வரும், பிறகு இடும் முட்டை குறையும், இடுகிற முட்டையும் ஓடு சுருங்கி, கழுவிப் பிழிந்த துணிபோல் கோடு கோடாக இருக்கும். அதற்குக் காரணமான வைரஸ் கொரோனா என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அது முட்டைக்குள் வளர்ந்தால் குஞ்சு வளராது. ஏழாம் நாள் உடைத்துப் பார்த்தால் கால்கள் தலைமேல் ஏறி, பந்தாகச் சுருண்டு, கட்டைவிரல் அளவில் கிடக்கும். "சுருண்டுருச்சு" என்று ஒரு சொல் சொல்வார் பிரிஜட். அறையில் இருக்கும் மற்றவர்களுக்கு அது போதும்.

ஆனால் முதல் முட்டையிலேயே சுருளாது. ஆகவே முதல் சுற்று முட்டைகளிலிருந்து, குஞ்சைச் சுற்றியிருக்கும் நீரை எடுத்து இரண்டாம் சுற்று முட்டைகளில் விடுவார்கள். அதிலிருந்து மூன்றாம் சுற்று. மூன்று சுற்றிலும் குஞ்சு நன்றாக இருந்தால், வைரஸ் இல்லை என்று தாளில் எழுதி, முட்டைகளை ஆவியில் அவித்துக் கொட்டிவிட வேண்டும். கூடத்தின் விதி அது. தாளின் அடியில், செய்தவர் என்ற இடத்தில், பி. சவரிராஜ் என்று சாய்வாகக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துக்காகத்தான் 1984ஆம் வருட மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை பூவம்மா தோ பாயோவில் பிரிஜட்டின் வீட்டுக்கு வந்தாள்.

பூவம்மா புக்கிட் பாஞ்சாங் பக்கத்தில் ஒரு கோழிப் பண்ணையில் வேலை செய்பவள். மூவாயிரம் கோழிக்கும் தீனி வைப்பது, தண்ணீர் வைப்பது, தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பது எல்லாம் அவள்தான். தவுக்கே என்று அவள் கூப்பிடும் முதலாளி கொடுத்திருந்த, பண்ணையின் பின்னால் உள்ள பலகை வீட்டில் மகளோடு குடியிருந்தாள். மாதிரிகளை ஐஸ் பெட்டியில் போட்டு லாரியில் கொண்டுவந்து கூடத்தில் கொடுப்பவளும் அவளே; அப்படித்தான் பழக்கம். அன்று ஐஸ் பெட்டிக்குப் பதில் ஒரு பால்மாவு டின். உள்ளே வைக்கோல். வைக்கோலில் ஆறு முட்டை.

"அக்கா, பேப்பர்ல நோய் இல்லன்னு எழுதிட்டீங்களே," என்றாள் வாசலிலேயே.

"மூணு சுத்து பாத்தேன் பூவம்மா. குஞ்சு நல்லாத்தான் இருந்துச்சு."

"தவுக்கே அந்தப் பேப்பரைக் காட்டித்தான் சத்தம் போடறாரு. நோய் இல்லன்னா முட்டை குறைஞ்சதுக்கு நீதான்டி காரணம், உசுருள்ள மருந்தைப் பைப் தண்ணில கலந்து சாகடிச்சுட்டேங்கறாரு. எனக்குத் தெரியாதாக்கா, பைப் தண்ணில குளோரின் இருக்குன்னு? கெணத்துத் தண்ணில பால்மாவு கரைச்சுத்தான் கலந்தேன். இந்த டின்னுதான் அது. வருசம் பொறக்கறதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு."

பிரிஜட் முட்டை ஒன்றை விரலால் தடவினார். ஓட்டில் கோடு கோடாக மேடுகள். ஒரு தட்டில் உடைத்தார். மஞ்சள் கரு நடுவில் நிற்க, வெள்ளைக் கரு தண்ணீராக ஓடித் தட்டின் விளிம்பைத் தொட்டது. சவரிராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, "இதை நெய்னா பாய்கிட்ட காட்டு, உனக்குப் பயந்து கடையையே மூடிருவாரு," என்றார். யாரும் சிரிக்காததால் வரவேற்பறைக்குத் திரும்பிப் போனார்.

"மருந்து வேலை செஞ்சிருந்தா இது எப்படிக்கா வரும்?" என்று கேட்டாள் பூவம்மா. "நான் ஒழுங்காத்தானே கலந்தேன்?"

பிரிஜட் அடுப்படி மேடையிலிருந்து ஓர் எலுமிச்சம் பழத்தை எடுத்தார். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒரு பிடி கிராம்பு எடுத்து, ஒவ்வொன்றாகப் பழத்தின் தோலில் குத்தினார். கொண்டை மேலே தெரிய, காம்பு உள்ளே. ஒரு நிமிடத்தில் பழம் முழுக்கக் கிராம்பு.

"இதான் வைரஸு. கொரோனான்னா கிரீடம். போட்டோல பாத்தா இப்படித்தான் இருக்கும். உள்ள ஒரு நீள நூலு, அதுலதான் எல்லாம் எழுதியிருக்கு. நூலு அறுந்துராம சுத்தி வச்சுக்க ஒரு புரோட்டீன். தோலைக் கெட்டியா வச்சுக்க ஒரு புரோட்டீன். வெளிய நிக்கற இந்தக் கிராம்பு இன்னொரு புரோட்டீன். இந்தக் கொண்டை இருக்கே, இதுதான் கோழியோட தொண்டையில போயிப் பிடிக்கறது. பிடிச்சப்புறம் காம்பு உள்ள போக வழி பண்ணும்." ஒரு கிராம்பின் கொண்டையை நகத்தால் தட்டினார். அது உதிர்ந்து விழுந்தது. "மருந்து குடிச்ச கோழியோட ரத்தம் இந்தக் கொண்டையைத்தான் அடையாளம் பாத்து அமுக்கும். அமுக்கிட்டா இது எதையும் பிடிக்க முடியாது."

"அப்ப எங்க கோழி அமுக்கலையா?"

"கொண்டை வேற மாதிரி இருந்தா அமுக்காது."

"அது எப்படிக்கா வேற மாதிரி ஆகும்?"

பிரிஜட் அடுப்படிக்கும் வரவேற்பறைக்கும் நடுவே இரண்டு முறை நடந்தார். "எங்க கோயில்ல வருசா வருசம் ஒரு லெட்டர் சுத்தும். இதைப் படிச்சவங்க ஒம்பது காப்பி எழுதி ஒம்பது பேருக்கு அனுப்பணும், இல்லாட்டி கெட்டது நடக்கும்னு."

"எங்க கோயில்லயும் வரும்க்கா. இருபத்தோரு காப்பி. நான் பயந்துகிட்டு எம் மவளை எழுத வச்சேன்."

"ஆங். அந்த லெட்டருக்குக் கை இருக்கா, பேனா இருக்கா? உம் மவ கை, உம் மவ பேனா. வைரஸும் அதேதான். கோழி உடம்புக்குள்ள பூந்து, என்னை எழுது, என்னை எழுதுன்னு அதையே எழுத வச்சுரும்."

"ஏழாவது காப்பில கை வலிக்குதுன்னு எம் மவ ரெண்டு வரியை விட்டுட்டா."

"அதைத்தான் சொல்றேன் லா. எழுத எழுதத் தப்பு வரும். தப்பு வந்த காப்பில முக்காவாசி உருப்படாது. ஒண்ணு ரெண்டு பொழைச்சுக்கும். போன வருசம் ஃபாதர் பிரசங்கத்துல சொன்னாரு, பாலைவனத்தில் தவமிருந்த துறவின்னு ஆரம்பிக்கற லெட்டர் வந்தா கிழிச்சுப் போடுங்கன்னு. எல்லாரும் கிழிச்சாங்க. ஆனா எவளோ ஒருத்தி அரைத் தூக்கத்துல மலைமேல் தவமிருந்த துறவின்னு எழுதியிருக்கா. அதை யாரும் கிழிக்கல. ஆறே மாசத்துல கோயில் பூரா மலைமேல் லெட்டர்தான். பாலைவனத்தைக் காணோம்."

பூவம்மா எலுமிச்சம் பழத்தைக் கையில் எடுத்துத் திருப்பினாள். "மருந்துதான் அந்த ஃபாதரா?"

"ஆமா. அவரு முதல் வரியைத்தான் சொல்லிக் குடுத்தாரு."

"அப்ப எங்க கோழிக்கு வந்தது மலைமேல் லெட்டரா?"

"தெரியல," என்றார் பிரிஜட். "எனக்குத் தெரியல பூவம்மா. நான் முழுசாப் பாக்காமயே கையெழுத்துப் போட்டுட்டேன் போல."

திங்கட்கிழமை காலை ஃப்ரீஸரிலிருந்து அந்தப் பண்ணையின் மூன்றாம் சுற்று நீரை எடுத்தார். ஒரு மாதம் வைத்திருந்து கொட்டுவது வழக்கம். கொட்ட நான்கு நாள் பாக்கியிருந்தது. மற்ற வேலைகளில் மிச்சமான முட்டைகளில் அதை விட்டார். பென்சிலால் ஒவ்வொரு முட்டையிலும் 4 என்று எழுதினார். யாரிடமும் சொல்லவில்லை.

நான்காம் சுற்றில் ஒரே ஒரு குஞ்சு கொஞ்சம் சிறியதாகத் தெரிந்தது. பலவீனமான முட்டையாகவும் இருக்கலாம். ஐந்தாம் சுற்றில் மூன்று. அந்த நாட்களில் பிரிஜட் வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டார், நின்றுகொண்டே ஜெபமாலை சொன்னார். சவரிராஜ், "நீ நடக்கற நடைக்கு இந்நேரம் ஜொகூர் போயிட்டு வந்திருக்கலாம்," என்றார். ஆறாம் சுற்றில் எல்லாம் சுருண்டன. சுருண்ட குஞ்சுகளைத் தட்டில் வரிசையாக வைத்தபோது அவர் வழக்கமான அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. பக்கத்தில் டாக்டர் அழகப்பன் நின்றிருந்தார்.

டாக்டர் அழகப்பன் கூடத்தின் பொறுப்பாளர். கால்நடை மருத்துவர், சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பவர், குரல் உயர்த்தாதவர். ஓட்டுத் துண்டு ஒன்றைக் கிடுக்கியால் எடுத்து எண்ணைப் பார்த்தார்.

"மிஸஸ் சவரிராஜ், நம்ம லேப்ல ஆறுன்னு ஒரு நம்பர் கிடையாதே."

பிரிஜட் சொன்னார். பூவம்மா, டின், தண்ணீராக ஓடிய வெள்ளைக் கரு, எல்லாவற்றையும் சொன்னார். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"சரி, சுருண்டிருக்கு. ஆனா இது பண்ணையிலேர்ந்து வந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க? நம்ம சொந்த வைரஸ் இதே ஃப்ரீஸர்ல, இதே மேசையிலதான் இருக்கு. ஒரு துளி போதும், உங்க முட்டைக்குள்ள அது பூந்திருக்கும். ஆறு சுற்று பண்ணா ஆறு தடவை சான்ஸ்."

சோதனைகளுக்காகக் கூடத்தில் எப்போதும் வளர்த்துவரும் பழைய வைரஸைத்தான் அவர் சொன்னார். தடுப்பு மருந்தில் இருப்பதும் அதே வகைதான். பன்னிரண்டு வருடத்தில் தன் ஊசிமேல் பிரிஜட்டுக்குச் சந்தேகம் வந்ததில்லை. அன்று மதியம் முழுவதும் இரண்டு கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார். மூன்று மணிக்கு டாக்டரின் கதவைத் தட்டினார்.

"டாக்டர், கோழி ரத்தத்துலேர்ந்து எடுத்த, நம்ம வைரஸை அமுக்கற சீரம் இருக்குல்ல? அதைக் கலந்து பாப்போம். இது நம்ம வைரஸா இருந்தா சீரம் அமுக்கிரும், குஞ்சு பொழைக்கும். அமுக்கலைன்னா வேற ஆளு."

டாக்டர் பேனாவை மூடித் திறந்தார். "ரெண்டு தட்டு. அதுக்கு மேல முட்டை கிடையாது. பண்ணையிலேர்ந்து கோழி ரத்தமும் கொண்டுவரச் சொல்லுங்க. மருந்து பிடிச்சிருக்கான்னு பாத்துருவோம்."

இடது தட்டில் கூடத்தின் வைரஸும் சீரமும். வலது தட்டில் பண்ணையின் வைரஸும் அதே சீரமும். ஏழு நாள். நடுவே கிறிஸ்துமஸ் வந்தது. காலைப் பூசை முடிந்ததும், விருந்துக்கு வந்த நாத்தனாரிடம் பிரியாணிச் சட்டியை ஒப்படைத்துவிட்டு, பட்டுப் புடவையோடு பஸ் ஏறினார் பிரிஜட். சவரிராஜ் கையில் ஒரு கேக் டப்பாவோடு கூடவே வந்து கூடத்தின் வாசலில் காவல்காரரோடு உட்கார்ந்துகொண்டார். "உள்ள எங்க வீட்டம்மா தொழுவம் பாக்கப் போயிருக்கா," என்று அவருக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். உள்ளே இருட்டறையில் பிரிஜட் டார்ச்சை வைத்துப் பார்த்தார். இரண்டு தட்டிலும் கறுப்புப் புள்ளிகள் உதறிக்கொண்டன. வெளியிலிருந்து எதுவும் தெரியவில்லை.

ஏழாம் நாள் இருவருமாக உடைத்தார்கள். இடது தட்டில் எல்லாக் குஞ்சுகளும் நீளமாக, ஈரச் சிறகோடு, முழுதாக இருந்தன. வலது தட்டில் முதல் முட்டை. சுருள். இரண்டாவது. சுருள். மூன்றாவதை உடைக்கும் முன் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாம் சுருள்.

"நம்ம வைரஸ் இல்ல," என்றார் டாக்டர்.

"மலைமேல் லெட்டர், டாக்டர்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

கோழிகளின் ரத்தமும் அதையே சொன்னது. கூடத்தின் பழைய வைரஸை அந்த ரத்தம் ஒரு துளியிலேயே அமுக்கியது. பூவம்மா கொடுத்த மருந்து முழுசாகப் பிடித்திருந்தது. பைப் தண்ணீரில் செத்த மருந்து அப்படிப் பிடிக்காது. புதிதாக வந்ததை மட்டும் அந்த ரத்தத்தால் அமுக்க முடியவில்லை. பெரிய மைக்ரோஸ்கோப் இருக்கும் வேறோர் இடத்துக்கு டாக்டர் அனுப்பிய மாதிரியின் போட்டோவும் வந்துசேர்ந்தது. சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை, சுற்றிலும் குட்டிக் குட்டியாகக் கொண்டைகள். பிரிஜட் அதையும் புத்தகத்திலிருந்த பழைய வைரஸின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒரு வித்தியாசமும் இல்லை. கொண்டையில் எங்கேயோ சில இடங்கள் மாறியிருக்கும், அது படத்தில் தெரியாது என்றார் டாக்டர். இன்னொன்றும் சொன்னார்: ஆறு சுற்று முட்டையில் வளர்ந்தது முட்டைக்குப் பழகியிருக்கும், கோழியின் தொண்டையில் இருப்பதும் இதுவும் அச்சு அசல் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. நம் கையிலும் அது மாறிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கேட்ட பிறகு பிரிஜட், முட்டைக்கு அவ்வளவாகப் பழகாத நான்காம் சுற்று நீரை வைத்து அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய அனுமதி கேட்டார். டாக்டர் கொடுத்தார். நான்காம் சுற்றையும் சீரம் அமுக்கவில்லை என்பது பின்னால் தெரியவந்தது.

அதற்கு முன்பே தாள் எழுத வேண்டியிருந்தது. வருடம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது.

டாக்டர் மேசையில் புதுப் படிவம் ஒன்றை வைத்தார். "புது சாம்பிள்னு போட்டுருவோம். டிசம்பர்ல வந்தது, டிசம்பர்ல கண்டுபிடிச்சோம். முதல் பேப்பரைத் தொட வேணாம். நீங்க ரூல்படிதான் செஞ்சீங்க, மூணு சுற்று. உங்க மேல ஒண்ணும் இல்ல, லேப் மேலயும் ஒண்ணும் இல்ல."

பிரிஜட் படிவத்தைப் பார்த்தார். "முதல் பேப்பர் அப்படியே இருந்தா தவுக்கே என்ன சொல்லுவாரு டாக்டர்? அப்ப நோய் இல்ல, அப்பவே முட்டை குறைஞ்சுச்சு, அதனால அவதான்னு சொல்லுவாரு."

"அது அவங்க பண்ணை விஷயம்."

"அந்தக் கையெழுத்து என்னோடது."

"கேன்சல் பண்ணா காரணம் எழுதணும். காரணம் எழுதினா நாலு, அஞ்சு, ஆறு எப்படி வந்துச்சுன்னு எழுதணும். பர்மிஷன் இல்லாம பண்ணதுக்கு நான் உங்களுக்கு வார்னிங் லெட்டர் குடுத்தாகணும், மிஸஸ் சவரிராஜ். உங்க ஃபைல்ல இது வரைக்கும் ஒண்ணுமே கிடையாது."

"குடுங்க டாக்டர்," என்றார் பிரிஜட். ரத்துப் படிவத்தை அவரே அலமாரியிலிருந்து எடுத்து, நின்றபடியே நிரப்பினார். காரணம் என்ற இடத்தில், மூன்று சுற்றோடு நிறுத்தியது போதவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அடியில் வழக்கமான சாய்வுக் கையெழுத்தைப் போடவில்லை. பிரிஜட் சவரிராஜ் என்று முழுப் பெயரையும் பிரித்துப் பிரித்து எழுதினார்.

தபாலில் அனுப்பினால் புத்தாண்டு தாண்டிவிடும். ஆகவே டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி விடுப்புப் போட்டுவிட்டு, ரத்தான முதல் தாளின் பிரதியையும் நோய் உண்டு என்ற புதுத் தாளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு மழையில் பண்ணைக்குப் போனார். பலகை வீட்டின் வாசலில் இரண்டு பெட்டிகளும் ஒரு சுருட்டிய பாயும் தயாராக இருந்தன. பூவம்மா கொட்டகையிலிருந்து ஓடி வந்தாள்.

"மலைமேல்தானாக்கா?"

"மலைமேல்தான்."

பண்ணை முதலாளி கோ, பூவம்மாவின் தவுக்கே, இரண்டு தாள்களையும் தூரத்தில் பிடித்துப் படித்தார். ஒன்று இல்லை என்கிறது, ஒன்று இருக்கிறது என்கிறது, எதை நம்புவது என்று மலாயில் கேட்டார். முதல் தாள் தவறு, தவறு தன்னுடையது என்று பிரிஜட்டும் மலாயில் சொன்னார். கோழி ரத்தத்தில் மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறது, இந்தப் பெண் சரியாகத்தான் கலந்திருக்கிறாள், வந்த நோய்தான் புது வகை என்றும் சொன்னார். தவுக்கே இரண்டு கையெழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்படியென்றால் அடுத்த கோழிகளுக்கு எந்த மருந்து போடுவது என்று கேட்டார். இதற்கு ஏற்ற மருந்து இப்போது இங்கே இல்லை, டாக்டர் வெளிநாட்டுக்கு எழுதியிருக்கிறார் என்றார் பிரிஜட். தவுக்கே கெட்ட வார்த்தை ஒன்றைத் தாளைப் பார்த்துச் சொன்னார். பிறகு பூவம்மாவின் பக்கம் திரும்பி, மூன்றாம் கொட்டகையில் தண்ணீர்த் தொட்டி இன்னும் கழுவாமல் கிடக்கிறது, இங்கே நின்று என்ன வேடிக்கை என்று அதட்டினார்.

பூவம்மா தொட்டி கழுவ ஓடினாள். ஓடும் வழியில் சுருட்டிய பாயைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

எச்சரிக்கைக் கடிதம் ஜனவரி இரண்டாம் வாரம் வந்தது. எழுத்துமூல அனுமதி இல்லாமல் மூன்று சுற்றுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் இருந்தது. படித்தேன், ஒப்புக்கொள்கிறேன் என்ற வரியின் கீழ் பிரிஜட் கையெழுத்திட்டார். அதோடு தானே எழுதிய ஒரு விண்ணப்பத்தையும் டாக்டரின் மேசையில் வைத்தார். சுற்றுகளின் எண்ணிக்கையை ஆறாக்க வேண்டும் என்று கேட்டு அரைப் பக்கம். யோசிக்கலாம் என்றார் டாக்டர். யோசனை இன்னும் முடியவில்லை.

அன்றைக்கே லிம் சூ காங் பக்கத்துப் பண்ணை ஒன்றின் மாதிரி மூன்றாம் சுற்றை முடித்திருந்தது. விளக்கை அணைத்து, ஒவ்வொன்றாக டார்ச்சில் வைத்தார். எல்லாம் சிவந்து ஒளிர்ந்தன. எல்லாப் புள்ளிகளும் உதறின. ஏழாம் நாளான அன்று உடைத்தவற்றிலும் குஞ்சுகள் நீளமாகவே இருந்தன. ஆவியில் அவிக்கும் பாத்திரம் மூடி திறந்து காத்திருந்தது. மேசையில் தாளும் இருந்தது. வைரஸ் இல்லை என்பதற்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. பிரிஜட் பாத்திரம் வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். பிறகு அடைகாக்கும் பெட்டியைத் திறந்து புது முட்டை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, காதிலிருந்த பென்சிலை உருவி, முட்டையின் தடித்த முனையில் 4 என்று எழுதினார்.